இருநூறு பாட்டுத் தூரம்

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இனிமேல் போன் பண்ணாதே, கடிதம் எழுது என்று நீ போட்ட சட்டத்தை மதித்து எழுதுகிறேன். யோசித்துப் பார்த்தால் நல்ல சட்டம்தான். போனில் நான் "அப்பா எப்படி இருக்கார்" என்று கேட்டு முடிப்பதற்குள் நீ "வந்து பார்த்துக்கோ" என்பாய், நான் பட்டென்று வைத்துவிடுவேன். கடிதத்தில் அந்த வசதி இல்லை. நீ எவ்வளவு கத்தியிருந்தாலும் கடைசி வரி வரை படித்துத்தான் ஆக வேண்டும்.

போன கடிதத்தில் நீ எழுதியிருந்தது மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து நாலு மாதமாகியும் அப்பா சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருக்கிறார், கேட்டால் ஒரு வார்த்தை, கேட்காவிட்டால் அதுவும் இல்லை என்று. நீ வாங்கி வைத்த புது ரேடியோவை அவர் தொடவில்லை என்பதில் எனக்கு ஆச்சரியமில்லை. இப்போது ரேடியோவில் பாட்டை விடப் பேச்சுதான் அதிகம். அப்பாவுக்குப் பேச்சு எதற்கு?

கட்டட வேலையில் அவருக்கு மணிக்கணக்கே கிடையாது, பாட்டுக்கணக்குதான். சாரத்தில் ரேடியோவைக் கட்டித் தொங்கவிட்டுக் கல் அடுக்குவார். ஒரு பாட்டு முடிந்ததும் ரசமட்டம் வைத்துச் சுவர் சாய்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். மற்ற கொத்தனார்கள் இத்தனை அடிச் சுவர் என்றால், இவர் "இது நாற்பது பாட்டுச் சுவர்ம்மா" என்று வீட்டுக்காரம்மாவிடம் சொல்லி அவர்களை முழிக்க வைப்பார். அந்த ரேடியோவும் அவரோடு சேர்ந்துதான் விழுந்து உடைந்தது.

அதனால் அவருக்கு ஒரு பாட்டுப்பெட்டி செய்யப் போகிறேன். சிரிக்காதே. இங்கே பக்கத்தில் மூடிப்போன ஒரு உணவுக்கடையில், சாப்பாட்டைத் தொட்டுத் தேர்ந்தெடுக்கிற திரை ஒன்று சும்மா கிடந்தது. கேட்டேன், தூக்கிக்கொண்டு போ என்றார்கள். அதற்குப் பின்னால் கையகல கம்ப்யூட்டர் பலகை ஒன்று, இரண்டு ஸ்பீக்கர், சுற்றி மரப்பெட்டி. அப்பா கண்ணாடி போடமாட்டார், எழுத்தும் மெதுவாகத்தான் படிப்பார். அதனால் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு படம் வரைந்து வைப்பேன். படகுப் பாட்டுக்குப் படகு. படத்தைத் தொட்டால் பாட்டு.

இன்னொன்று. இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு அவரால் உடம்பைத் திருப்ப முடியாது என்று எழுதியிருந்தாய். அதனால் பெட்டி அவர் பக்கம் திரும்பும். கட்டிலில் இருந்தால் கட்டிலைப் பார்க்கும், ஜன்னல் நாற்காலியில் இருந்தால் அதைப் பார்க்கும். ஒரு விரலால் தள்ளினால் போதும். சுழல் நாற்காலி செய்கிற கம்பெனியில் இரண்டு வருஷமாகக் குப்பை கொட்டுவதற்கு இதாவது பலனாக இருக்கட்டும். நாற்காலிக்கு அடியில் இருக்கிற சுழல் தட்டைத்தான் பெட்டிக்கு அடியில் வைக்கப் போகிறேன்.

கட்டில், ஜன்னல் நாற்காலி இரண்டின் உயரமும், சுவர் ஓரத்து மேஜையிலிருந்து இரண்டுக்கும் உள்ள தூரமும் எனக்கு வேண்டும். அப்பாவுக்குப் பிடித்த பாட்டுகளும் வேண்டும். நான் செய்தது என்று மட்டும் சொல்லிவிடாதே. "என் கண்ணுல படாதே" என்று சொன்னவர் அவர். என் கையால் செய்ததும் அவர் கண்ணில் படக் கூடாது என்றுதானே அர்த்தம்?

உன் தம்பி


ஜூன் 12

அடேய் தம்பி,

அர்த்தம் கண்டுபிடிக்கிறதில் நீ புலிதான். அவர் கோபத்தில் சொன்ன ஒரு வார்த்தையைச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கிறாய். "சாப்பிட்டுப் போடா" என்று ஆயிரம் தடவை சொன்னாரே, அதையெல்லாம் எங்கே வைத்திருக்கிறாய்?

இதை எழுதாமல் என் பேனா நகராது, அதனால் முதலில் இதையே எழுதிவிடுகிறேன். ஆபரேஷன் நடந்த அன்றைக்கு நீ ஆஸ்பத்திரி வராண்டா வரைக்கும் வந்தாய். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். நர்ஸ் சொன்னாள், "உங்க ஜாடையில ஒருத்தர் தூண் பக்கத்துல நின்னு அழுதுட்டுப் போயிட்டார்" என்று. பத்து அடி, ஒரு கதவு. அதைத் தாண்ட உனக்கு மனசு வரவில்லை. நான் உள்ளே தனியாக உட்கார்ந்து ஒவ்வொரு காகிதமாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா போன பிறகு இந்த வீட்டில் எல்லாவற்றையும் நான் ஒருத்தியே பார்க்கிறேன் என்பது எனக்குக் கஷ்டமில்லை. அந்தப் பத்து அடிதான் கஷ்டமாக இருக்கிறது.

சரி, கொட்டிவிட்டேன். இனி வேலைக்கு வருகிறேன்.

நான் வேலை பார்க்கிற மருந்துக்கடையில் பொட்டலம் கட்டுகிற நூலை எடுத்து வந்து அளந்தேன். அங்குலக் கணக்கு எழுதினால் நான் எங்காவது தப்பு விடுவேன் என்று நூலையே இதோடு வைத்திருக்கிறேன். ஒரு முடிச்சு இருப்பது கட்டில் உயரம், மெத்தையோடு. இரண்டு முடிச்சு நாற்காலி. நீளமான நூல்கள் இரண்டும் மேஜையிலிருந்து உள்ள தூரம், அதே முடிச்சுக் கணக்குதான். அப்பா பார்த்துவிட்டு, "என்ன, அஸ்திவாரம் தோண்டப் போறியா" என்றார். அந்த வாரம் முழுக்க அவர் தானாகப் பேசியது அது ஒன்றுதான்.

பாட்டு கண்டுபிடித்ததுதான் பெரிய கூத்து. நேராகக் கேட்டால் சொல்லமாட்டார். அதனால் பாத்திரம் கழுவும்போது ஒவ்வொரு பாட்டாக வேண்டுமென்றே தப்பாகப் பாடினேன். பிடிக்காத பாட்டென்றால் அப்படியே இருப்பார். பிடித்த பாட்டென்றால் முகம் வேப்பங்காய் தின்ற மாதிரி ஆகிவிடும். படகுப் பாட்டை நான் கொலை செய்தபோது பொறுக்க முடியாமல் கட்டிலில் விரலால் தாளம் தட்டித் திருத்தினார். இப்படி நாற்பது பாட்டு சேர்ந்திருக்கிறது, தனித்தாளில் எழுதியிருக்கிறேன். பக்கத்து வீட்டில் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பார்கள் என்று கேட்காதே.

போன வாரம் ஒரு அம்மா வந்திருந்தார்கள். ரொம்ப வருஷத்துக்கு முன்னால் அப்பா கட்டிக்கொடுத்த வீடு, சமையலறைச் சுவரில் ஈரம் காய்கிறதே இல்லை என்றார்கள். அப்பா உடனே கைத்தடியைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தார். "குறை சொன்னா கட்டினவன் போய் நிக்கணும்" என்று. உனக்குத் தெரியுமே, காய்ச்சலோடு கூடப் போய் நிற்பார். இரண்டு அடி வைத்ததும் முடியவில்லை. அந்த அம்மா பதறிப்போய் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று கிளம்பிவிட்டார்கள். அன்றைக்குச் சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தவர் ராத்திரி சாப்பிடவில்லை.

சீக்கிரம் செய்து அனுப்பு. பொய் சொல்வதென்றால், கடையில் எனக்குப் பரிசு கொடுத்தார்கள் என்று சொல்லிவிடுகிறேன். நம்புவாரா என்பது வேறு விஷயம்.

அக்கா


ஜூலை 5

அன்புள்ள அக்காவுக்கு,

நர்ஸ் சொன்னது நிஜம்தான்.

உனக்கு ஒரு விஷயம் புரிய வேண்டும். இரண்டு வருஷம் முன்பு அன்றைக்குச் சாரத்தில் அத்தனை பேருக்கு முன்னால் நான் சொன்னேன், "அப்பா, உங்க கை நடுங்குது, இனிமே மேல ஏறாதீங்க" என்று. கீழே தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம், புத்தி வேலை செய்யவில்லை. அவர் பேசாமல் இறங்கினார், சாந்து பூசுகிற கரணையைக் கழுவி வைத்தார், அப்புறம்தான் கண்ணில் படாதே என்றார். நானும் கோபத்தில் கிளம்பி வந்துவிட்டேன். கடைசியில் நான் சொன்னபடியே அவர் விழுந்துவிட்டார். அந்தக் கதவைத் திறந்து நான் உள்ளே வந்திருந்தால் என் முகத்தில் அவர் எதைப் பார்த்திருப்பார்? "அன்னைக்கே சொன்னேனே" என்பதைத்தான். நான் வாயே திறக்காவிட்டாலும் அதைத்தான் பார்த்திருப்பார். அவர் அப்படிப் படுத்திருக்கும்போது அதை அவருக்குக் காட்ட எனக்கு மனசு வரவில்லை. நான் சொன்னது பொய்யாகப் போயிருந்தால் அன்றைக்கே ஓடி வந்து காலில் விழுந்திருப்பேன் அக்கா.

பெட்டி முடிந்துவிட்டது. கம்பெனியில் கழித்துப் போட்ட மேஜைப் பலகைதான் மரம். உன் நூலை ஆணியடித்துச் சுவரில் கட்டி, அதற்கு நேராக உட்கார்ந்து பார்த்து உயரம் வைத்தேன். மேற்பார்வையாளர் வந்து, "என்னப்பா, கொடி கட்டித் துணி காயப்போடப் போறியா" என்று கேட்டுவிட்டுப் போனார்.

முதலில் செய்தபோது பெட்டி தாராளமாகச் சுற்றியது. நாலு சுற்று சுற்றியதும் மின்சார ஒயர் தண்டில் முறுக்கிக்கொண்டு பிடுங்கி வந்துவிட்டது. அதனால் அடியில் இரண்டு மரக்கட்டை வைத்துத் தடுத்திருக்கிறேன். கட்டிலிலிருந்து ஜன்னல் நாற்காலி வரைக்கும் திரும்பும், அதற்கு மேல் போகாது. அவர் இருப்பது அந்த இரண்டு இடத்தில்தானே.

படங்கள் எல்லாம் நானே வரைந்தது. படகு சோப்பு டப்பா மாதிரி இருக்கிறது, மன்னித்துக்கொள். மழைப் பாட்டுக்குக் குடை, ரயில் பாட்டுக்கு ரயில். கம்பெனியில் எல்லோரையும் கூப்பிட்டு அழுத்திப் பார்க்கச் சொன்னேன். பெயின்ட் அடிக்கிறவர், தையல் போடுகிற அக்காமார்கள், மேற்பார்வையாளர் என்று எல்லார் விரலுக்கும் டக்கென்று பாடியது. தையல் பிரிவில் ஒரு மதியம் முழுக்கக் குடையைத் தொட்டுத் தொட்டு வேலையைக் கெடுத்துவிட்டார்கள்.

நாளைக்கு லாரியில் ஏற்றுகிறேன். அதை அவர் போட்டுக் கேட்டார் என்று ஒரு வரி எழுது. எனக்கு அது போதும்.

தம்பி


ஜூலை 21

தம்பி,

பெட்டி பத்திரமாக வந்தது. இவ்வளவு அழகாக இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. ஓரமெல்லாம் எவ்வளவு வழுவழுப்பு. படகு மட்டும் நிஜமாகவே சோப்பு டப்பாதான்.

கடையில் பரிசு கொடுத்தார்கள் என்று சொன்னேன். "ம்" என்றார். லாரிக்காரர் போனதும் என்னைக் கூப்பிட்டு, பரண் மேல் இருந்த ரசமட்டத்தை எடுக்கச் சொன்னார். விழுந்ததிலிருந்து அதை அவர் கேட்டதே இல்லை. பெட்டி மேல் நீளவாக்கில் வைத்துப் பார்த்தார், அகலவாக்கில் வைத்துப் பார்த்தார். குமிழி நடுவிலேயே நின்றது. அப்புறம் ஒரு விரலால் பெட்டியைத் தள்ளி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பினார். நான் படகைத் தொட்டேன், பாட்டு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு முழுப் பாட்டையும் கேட்டார். உனக்குச் சொல்வதற்கென்ன, நான் சமையலறைக்குள் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

ஆனால் அதோடு சரி. காலையில் நான் கடைக்குப் போகும்போது ஒரு பாட்டைப் போட்டுவிட்டுப் போகிறேன். சாயங்காலம் வந்தால் வீடு மயான அமைதியாக இருக்கிறது. "ஏன்ப்பா, போட்டுக் கேட்கலையா" என்றால், "என்னத்த கேக்கறது" என்கிறார். பெட்டிக்கு நேராகத்தான் உட்கார்ந்திருக்கிறார், தொடமாட்டேன் என்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு, "ஒருத்தன் உயிரைக் கொடுத்துச் செஞ்சிருக்கான்" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. முழுங்கினேன்.

உன்னிடம் பொய் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. நீ செய்தது என்று தெரிந்துதான் இப்படி இருக்கிறாரோ என்று தோன்றுகிறது. வருத்தப்படாதே என்று எழுதினால் நீ கேட்கவா போகிறாய்.

அக்கா


ஜூலை 28

அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. வருத்தமெல்லாம் இல்லை. எதிர்பார்த்ததுதான்.

பெட்டி கண்ணெதிரில் இருந்து அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம். துணி போட்டு மூடிப் பரண் மேல் ஏற்றிவிடு, இல்லையென்றால் யாருக்காவது கொடுத்துவிடு. ரசமட்டம் வைத்துப் பார்த்தார் என்று எழுதியிருந்தாயே, அது எனக்குப் போதும்.

போதும் என்றுதான் எழுத நினைத்தேன். போதவில்லை. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்த பிறகு ஒரு மாதம் அதோடு உட்கார்ந்திருந்தேன். அவர் விரல் அதன்மேல் படும் என்று நினைத்துத்தான் ஒவ்வொரு படத்தையும் பெரிதாகப் போட்டேன். கொஞ்ச நாளைக்கு எனக்கு எழுதாதே.

தம்பி


ஆகஸ்ட் 3

தம்பி,

எழுதாதே என்று நீ சொன்னால் நான் கேட்பேனா? முதலில் உட்கார்ந்துகொள்.

நேற்று மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன். அது இல்லாமல் மருந்துச் சீட்டைப் படித்தால் ஊரே படுத்துவிடும் என்று பாதி வழியில் வீட்டுக்குத் திரும்பினேன். ஜன்னல் திறந்திருந்தது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பெட்டியைத் தன் பக்கம் திருப்பி வைத்திருந்தார். உன் படகை ஆள்காட்டி விரலால் அழுத்தினார். ஒன்றும் வரவில்லை. கொஞ்சம் பலமாக அழுத்தினார். அப்புறம் நடுவிரல். அப்புறம் கட்டைவிரல். துண்டால் திரையைத் துடைத்தார், துண்டாலேயே விரலையும் துடைத்தார், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். பத்து விரலையும் வைத்துப் பார்த்தார்டா. கடைசியில் உள்ளங்கையை அப்படியே திரைமேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார்.

நான் சத்தம் போடாமல் வாசல் வரைக்கும் பின்னால் போய், செருப்பைத் தேய்த்து, இருமிவிட்டு உள்ளே வந்தேன். அதற்குள் பெட்டியைக் கட்டில் பக்கம் திருப்பிவிட்டார். "என்ன சீக்கிரம்" என்றார். கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஓடிவந்துவிட்டேன். வழியெல்லாம் அழுகைதான். நாம் இரண்டு பேரும் அவர் கோபமாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அவர் தினமும் நான் போன பிறகு அதோடு போராடிக்கொண்டிருந்திருக்கிறார்.

உன் பெட்டிக்கு அப்பாவின் விரல் தெரியவில்லை. இப்போது என்ன செய்வது சொல்.

அக்கா


ஆகஸ்ட் 9

அன்புள்ள அக்காவுக்கு,

என்னை என்ன செய்தால் தகும்?

ஒருமுறை ஏதோ ஒரு ஆபீஸில் விரல்ரேகை வைக்கிற மெஷினுக்கு முன்னால் அவரோடு நின்றிருக்கிறேன். அங்கே இருந்த பெண் அவர் கட்டைவிரலை மூன்று தடவை துடைத்து வைத்துப் பார்த்துவிட்டு, "ஐயா, உங்களுக்கு ரேகையே இல்லையே" என்றாள். "சிமெண்ட் தின்னுடுச்சும்மா" என்று அவர் சிரித்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அந்தக் கையைத்தான் நெற்றியில் வைப்பார், சொரசொரவென்று இருக்கும், எனக்கு அதில்தான் தூக்கம் வரும். அந்தக் கையை மறந்துவிட்டு ஊரில் இருக்கிற விரலுக்கெல்லாம் பெட்டியைக் காட்டிச் சரி பார்த்திருக்கிறேன். காய்ந்து தடித்துப்போன தோலை இந்தத் திரைகள் விரலாகவே ஒப்புக்கொள்ளாது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் தோன்றவில்லை.

அவருக்கு அது எப்படி இருந்திருக்கும்? கை நடுங்குகிறது என்று சொன்னவனும் நான்தான், இப்போது உன் கை கையே இல்லை என்று சொல்கிற பெட்டியைச் செய்து அனுப்பியவனும் நான்தான்.

இதோடு ரப்பர் முனை வைத்த ஒரு பேனா அனுப்பியிருக்கிறேன், அதால் தொட்டால் பாடும். உன் கடையில் தோல் வறட்சிக்குக் களிம்பு இருக்கும், தடவிப் பார்க்கச் சொல். இரண்டும் சரிப்படாவிட்டால் பெட்டியைத் திருப்பி அனுப்பு, திரையைக் கழற்றிவிட்டுப் பெரிய பெரிய பொத்தானாக வைத்துத் தருகிறேன். அவரிடம் எதையும் காட்டிக்கொள்ளாதே.

தம்பி


ஆகஸ்ட் 25

என் அருமைத் தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை நிதானமாகப் படி. நடுவில் எழுந்து போகாதே.

களிம்பு வாங்கி வந்து, "பாத வெடிப்புக்குப்பா, கைக்கும் தடவலாம்" என்று மேஜைமேல் வைத்தேன். மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். "மணக்குது, நீ தடவிக்க" என்றார். ரப்பர் பேனாவைக் காதுக்கு மேல் செருகிக்கொண்டார். கட்டடத்தில் பென்சிலை அப்படித்தானே செருகுவார். அதோடு அதை மறந்தும் போனார். சரி, பெட்டியை உனக்கே அனுப்பிவிடலாம் என்று சுற்றிக் கட்ட ஒரு சாக்குப்பை தேடினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை துணி துவைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே படகுப் பாட்டு கேட்டது. நான் போடவில்லை, வீட்டில் வேறு யாரும் இல்லை. ஈரக்கையோடு ஓடிப் போய்ப் பார்த்தேன். மேஜைமேல் ஒரு டம்ளர் தண்ணீர். அப்பா அதில் விரலை நனைத்து, டம்ளர் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டிச் சொட்டை உதறிவிட்டு, குடையைத் தொட்டார். மழைப் பாட்டு வந்தது. மறுபடி நனைத்து ரயிலைத் தொட்டார். ரயில் பாட்டு.

நான் வாயைப் பிளந்து நிற்பதைப் பார்த்து, "என்ன பார்க்கறே? செங்கல்லை நனைக்காம வெச்சா சாந்து புடிக்குமா? காஞ்சது எதுவும் ஒட்டாது. இத்தனை நாளா எனக்கே தோணல பாரு" என்றார். மாத்திரை விழுங்கும்போது தண்ணீர் கையில் சிந்தியதாம், அதே கையால் தற்செயலாகத் தொட்டிருக்கிறார். நீ ஒன்றும் பெரிய தப்புச் செய்துவிடவில்லை, ஒரு டம்ளர் தண்ணீர்தான் குறைச்சல். அவரே ஆறு மாதமாக நனைக்காத கல் மாதிரித்தான் உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்கு நாற்பது பாட்டும் ஓடியது. கேட்டு முடிக்கும்போது மதியச் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது. அவர் சத்தமாகவே பாடினார், நான் தப்பாகப் பாடியதையெல்லாம் சேர்த்துத் திருத்தினார்.

இனிமேல்தான் விஷயம். சாப்பிட்டு எழுந்ததும் பெட்டியை ஒரு தள்ளு தள்ளினார். ஜன்னல் நாற்காலியைத் தாண்டி வாசல் பக்கம் திருப்பப் பார்த்தார். டொக்கென்று நின்றுவிட்டது. மறுபடி தள்ளினார், மறுபடி டொக். அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். அவர் சொன்னதை ஒரு எழுத்துக் கூட மாற்றாமல் எழுதுகிறேன்.

"இது வாசலைப் பார்க்க மாட்டேங்குது. பெரிய குறை. வாசல்ல உட்கார்ந்து வர்றவங்க யாரு போறவங்க யாருன்னு பாட்டு கேட்டுக்கிட்டே பார்க்க வேணாமா? கட்டினவனை வந்து நிக்கச் சொல்லு."

நான், "கடையில கொடுத்த பரிசுப்பா" என்று இழுத்தேன். "அடியில நாற்காலித் தட்டை வெச்சுட்டுக் கடையில கொடுத்தாங்கன்னு எங்கிட்டயே சொல்றியா? தள்ளின அன்னைக்கே தெரியும்" என்றார். துண்டை எடுத்து மேஜைமேல் சொட்டியிருந்த தண்ணீரைத் துடைத்தார். அப்புறம் என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"ஆணி இருக்கற ஊரு இங்கிருந்து எத்தனை பாட்டுத் தூரம்?"

ஆணி என்றார்டா. தலை பெரிசு உடம்பு ஒல்லி என்று அவர் உனக்கு வைத்த பேர், இந்த இரண்டு வருஷத்தில் அவர் வாயில் ஒரு தடவை கூட வரவில்லை. கேட்டு எழுதுகிறேன்ப்பா என்று மட்டும் சொன்னேன்.

தூண் பக்கத்தில் நின்றுவிட்டுப் போகிற வேலையெல்லாம் இந்தத் தடவை வேண்டாம். உன் முகத்தில் அவர் எதைப் பார்ப்பார் என்று நீ பயப்பட வேண்டியதில்லை. பெட்டியின் குறையைத்தான் பார்ப்பார்.

அக்கா


ஆகஸ்ட் 31

அன்புள்ள அக்காவுக்கு,

நாலு தடவை எழுதிக் கிழித்தேன். பெரிதாக எழுத வரவில்லை, அதனால் அப்பாவுக்குக் கணக்கை மட்டும் சொல்.

பஸ் வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்புகிறது, இரவு எட்டு மணிக்கு வந்து சேரும். பாட்டுக்கு நாலு நிமிஷம் என்று வைத்தால் இருநூறு பாட்டுத் தூரம், அதற்கு மேல் கொசுறாகப் பத்து. பெட்டியில் இருப்பதே நாற்பதுதான். ஐந்து சுற்று ஓடி முடிந்து ஆறாவது சுற்றில் பத்தாவதாகப் படகு வரும். அதைப் போட்டால் நான் தெருவுக்குள் வந்துவிட்டேன் என்று அர்த்தம். அவர் விரல் அத்தனை தடவை நனைய வேண்டாம், பாதியை நீ தொட்டுவிடு.

தடுக்கிற கட்டையைக் கழற்றத் திருப்புளி எடுத்து வருகிறேன். ஒயர் முறுக்காமல் வாசல் வரைக்கும் திரும்ப ஒரு வழி யோசித்து வைத்திருக்கிறேன். ஒரு நாளில் முடிகிற வேலைதான், ஆனால் கம்பெனியில் பதினைந்து நாள் லீவு சொல்லியிருக்கிறேன். அவர் வேறு குறையும் கண்டுபிடிப்பார், எனக்குத் தெரியும்.

அந்த அம்மா வீட்டுச் சுவர் ஈரம் என்று எழுதியிருந்தாயே, விலாசத்தைக் கேட்டு வாங்கி வை. அப்பாவைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துக் கூட்டிப் போகிறேன். அவர் சொல்லட்டும், நான் பூசுகிறேன்.

மேஜைமேல் தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
ஆணி